சத்தமில்லாத கோட்டு

தம்பி, ஒரு நிமிசம். அந்தப் பை ஜிப்பை அப்படி வெடுக்குன்னு இழுக்காதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ஜிப் சத்தம் கேட்டா எனக்கு உடம்பெல்லாம் என்னமோ பண்ணும். மெதுவா... ஆங், அப்படி. இப்பவும் கரகரங்குது பாருங்க. வீட்டுக்குப் போனதும் ஒரு மெழுகுவத்திய எடுத்து அந்தப் பல்லு மேல நாலு தேய்ப்பு தேச்சு விடுங்க. அப்புறம் ரன்னர்ல ஒரு இரும்புத் துண்டு தொங்குது பாருங்க, அதை வெட்டிப் போட்டுட்டு ஒரு ஷூ லேசைக் கோத்து முடிச்சுப் போட்டுக்குங்க. பையைத் திறந்தது உங்களுக்கே தெரியாது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, கேக்காட்டி என்ன, கரூர் வரைக்கும் போகணும்ல. நீங்களும் கரூர்தான், டிக்கெட் எடுக்கறப்பக் காதுல விழுந்துச்சு.

என் பேரு வீரமலை. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில பட்டன் மெஷின்ல இருக்கேன். டிச் பட்டன், கொக்கி, பக்கிள், எது வேணாலும் அடிப்பேன். பதினெட்டு வருசம். அங்க நான் வெறும் டோக்கன் நம்பர் தம்பி, யாருக்கும் என் பேரு தெரியாது. பக்கத்து மெஷின்காரன் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வேலை பாப்பான். மெஷின் சத்தம் அப்படி.

ஆனா எங்க ஊசிப்பாறைப்பட்டில போய்க் கேளுங்க. வலைக்கார வீடு எதுன்னு கேட்டா கைக்குழந்தை கூட எங்க வீட்டைக் காட்டும். மாசி மாசம் எங்க ஊர்ல பாரிவேட்டை. ஊரே மலையடிவாரத்துக்குப் போகும். முன்ன எல்லாம் முயலடிச்சு வீட்டுக்கு வீடு கறி பிரிப்பாங்க. இப்ப ஊர்க்கூட்டம் போட்டு அதெல்லாம் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். உசிரோட புடிச்சு, மஞ்சத்தண்ணி தெளிச்சு, கருப்பசாமிகிட்டக் காட்டிட்டு, விட்டுருவோம். அடிக்கறது சுலபம் தம்பி. உசிரோட புடிக்கறதுதான் கஷ்டம்.

எப்படின்னா, ஒரு பக்கம் முப்பது நாப்பது பேரு தகரம் தட்டிக்கிட்டு, கத்திக்கிட்டு, புதரைக் கலைச்சுக்கிட்டு வருவாங்க. அவங்க விரட்டுறவங்க. இந்தப் பக்கம் நீளமா ஒரு வலை, கவைக்குச்சில தொங்கும். வலைக்கு இந்தக் கடைசில ஒருத்தன், அந்தக் கடைசில ஒருத்தன், மூச்சுக் காட்டாம உக்காந்திருக்கணும். முயல் ஓடியாந்து வலைல முட்டுறப்ப ரெண்டு பேரும் கயித்தை விடணும். அவ்வளவுதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சத்தம் கேட்டுச்சோ, போச்சு, முயல் காதைத் திருப்பும், வேற பக்கம் பாஞ்சிரும். அந்த வலைல உக்கார்ற உரிமை எங்க வீட்டுக்கு மட்டுந்தான். தாத்தாவுக்கு முந்தியே இருந்து வருது. எங்கப்பா இருந்த வரைக்கும் ஒரு வருசம் கூட வலை வெறுமனே வந்ததில்ல. எங்கப்பா பேசவே மாட்டாரு. எங்கம்மா சொல்லும், இவன் அவருக்கும் சேத்துப் பேசறதுக்குன்னே பொறந்துட்டான்னு.

அப்பா போனப்புறம் நான் உக்காந்தேன். இந்தக் கடைசில நான், அந்தக் கடைசில என் பொண்டாட்டி செல்லாண்டியோட தம்பி மூக்கன். மூக்கன் நல்ல பய, ஆனா வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். அவன்கூட உக்கார்றது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.

மொத வருசம் என்னாச்சுங்கறீங்க? பெல்ட்டு. வேட்டி மேல பச்சை பெல்ட்டு கட்டியிருந்தேன், அதுல பர்ஸ் வைக்க ஒரு அறை இருக்கும்ல, அதுக்கு டிச் பட்டன். மூக்கன்கிட்ட எங்க சூப்பர்வைசர் பண்ற அக்கிரமத்தைச் சொல்லிக்கிட்டிருந்தேன். சொல்லிக்கிட்டே பொடி டப்பாவ எடுக்கலாம்னு பட்டனைத் திறந்தேன். டப்புன்னுச்சு. முயல் பறந்துருச்சு. டிச் பட்டன் சத்தம் அப்படி, துப்பாக்கி மாதிரி. பதினெட்டு வருசமா அதை அடிக்கறவன் நான், எனக்குத் தெரியாதா?

ரெண்டாவது வருசம் பெல்ட்டே கட்டல. சாவிக்கொத்து. சட்டைப் பையில கிடந்துச்சு. கம்பெனில புதுசா ஒரு மெஷின் வந்திருந்துச்சு, அது எப்படி அடிக்கும்னு மூக்கனுக்குக் கையை ஆட்டிக் காட்டிக்கிட்டிருந்தேன். ஜல்லுன்னுச்சு. போச்சு.

மூணாவது வருசந்தான் கோட்டு வாங்குனேன். திருப்பூர்ல எக்ஸ்போர்ட் மிச்சம் விக்கற கடைங்க இருக்கு, அங்க மாட்டிருந்தான். வெளிநாட்டுக்காரன் வேட்டைக்குப் போறதுக்குன்னே தைச்ச கோட்டு தம்பி! முழுக்க இலையும் சருகுமாப் படம் போட்டது. போட்டுக்கிட்டு செடி பக்கத்துல நின்னா நம்மளையே ஆடு மேஞ்சிரும். கைநடுவுல மட்டும் ஒரு தையல் கோணல், அதனால ரிஜெக்ட். ஆகா, இதான் சங்கதின்னு வாங்கிட்டு வந்தேன்.

வந்து பாத்தா, அந்த வெளிநாட்டுக்காரனுக்கு அறிவே இல்ல. வேட்டைக் கோட்டுல பதினோரு ஜிப்பு! எதுக்கு? முன்னாடி நாலு, உள்ள மூணு, கக்கத்துல ரெண்டு, முதுகுல ரெண்டு. கக்கத்துல எதுக்குய்யா ஜிப்பு? காத்து போறதுக்காம். ஒவ்வொரு ரன்னர்லயும் இரும்பு தொங்குது. காலர்ல டிச் பட்டன் ரெண்டு. கைமணிக்கட்டுல வெல்க்ரோ, அதைப் பிச்சா கோணிப்பையக் கிழிக்கற சத்தம். இடுப்புல பக்கிள். கயித்து நுனில இரும்புக் குமிழு. நடந்தா கோயில் தேரு வர்ற மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு இவன் எந்த மிருகத்தைப் புடிப்பான்? செவிட்டு மிருகத்தையா?

ஆனா அந்த வருசம் இதெல்லாம் எனக்குத் தோணல. அப்படியே போட்டுக்கிட்டுப் போயிட்டேன். வெயில் ஏறுனதும் கக்கத்து ஜிப்பைத் திறந்தேன். மூக்கன்கிட்ட அதைக் காட்டி, பாத்தியா மாப்ள, காத்து வர்றதுக்கே தனி வழி வச்சிருக்கான், வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்னு சொல்லிக்கிட்டே திறந்தேன். சர்ருன்னு ஒரு சத்தம். மூணு முயல் தம்பி! ஒண்ணில்ல, மூணு. மூணும் திரும்பிருச்சு.

சாயங்காலம் கூட்டத்துல எங்க பங்காளி ஆண்டியப்பன் எந்திரிச்சுட்டான். மூணு வருசமா சாமிக்கு முயல் காட்டல, மழை சரியில்ல, வலையை எங்க வீட்டுக்கு மாத்துங்கன்னு. ஊர்ப் பெரியவர் நல்லையா, அவருதான் வேட்டைக்குத் தலைமை, அவரு யோசிச்சாரு. அடுத்த வருசமும் வலை வெறுமனே வந்தா மாத்திரலாம்னு சொல்லிட்டாரு.

யோசிச்சுப் பாருங்க தம்பி. வலை போயிருச்சுன்னா ஊர்ல நான் யாரு? திருப்பூர்லயும் டோக்கன் நம்பர், ஊர்லயும் டோக்கன் நம்பரா? எங்கப்பன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? செத்துட்டாருதான், இருந்தாலும் படத்துல இருக்காருல்ல. ஒரு வருசம் முழுக்க எனக்குச் சோறு இறங்கல. செல்லாண்டிகிட்ட இதைச் சொல்லிச் சொல்லி அழுவேன், அவ கேட்டுக்கிட்டே வெங்காயம் உரிப்பா. நான் சொல்றது இவளுக்கு ஏறுதா இல்லையான்னே தெரியாது, ம்னு கூட ஒரு சத்தம் வராது.

குழந்தை எந்திரிச்சிருச்சு போல, பாருங்க, முன்சீட்டுல. இப்பத்தான் தூங்குச்சு பாவம். வயித்து வலியா இருக்கும். ஏம்மா, ஓமத்தண்ணி குடும்மா! சரி, விடுங்க. எங்க விட்டேன்?

கோட்டு. இந்த வருசம் வேட்டைக்கு ஒரு வாரம் முன்னாடியே லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டேன். கோட்டை நடுவீட்டுல விரிச்சுப் போட்டேன். ஒவ்வொரு சத்தமா எடுத்தேன் தம்பி. ரன்னர் இரும்பு பதினொண்ணையும் கட்டிங் பிளேயர்ல வெட்டுனேன், அதுக்குப் பதிலா லேசு. பல்லுக்கெல்லாம் மெழுகு. டிச் பட்டனைப் பேத்து எறிஞ்சேன். நான் என் கையால அடிக்கற சாதி பட்டன், அதை நானே பேக்கறப்ப மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. அதுக்குப் பதிலா துணி முடிச்சும் அதை மாட்ட ஒரு காதும். வெல்க்ரோவை மூடி மேல துணி. பக்கிளுக்கு சைக்கிள் டியூபை வெட்டிச் சுத்துனேன். கயித்து நுனில இருந்த குமிழை எடுத்துட்டு வெறும் முடிச்சு. அப்புறந்தான் கவனிச்சேன், கோட்டுத் துணியே ஒரு மாதிரி நைலான், கையை அசைச்சா சரக்கு சரக்குங்குது. அதுக்கு என்ன பண்ணேன் தெரியுமா? செல்லாண்டியோட பழைய நூல் சேலையக் கிழிச்சு கைக்கும் விலாவுக்கும் மேல வச்சுத் தைச்சுட்டேன்.

தைச்சது அவதான். ஊசி வேலை நமக்கு வராது. நான் பக்கத்துல உக்காந்து எப்படித் தைக்கணும்னு சொல்லச் சொல்ல அவ தைச்சா. ஆறு நாளு. ஆறு நாளும் நான் சொல்லிக்கிட்டே இருந்தேன், தொண்டையே வறண்டு போச்சு. ஆனா உழைப்புக்குக் கூலி உண்டுல்ல. ஆறாம் நாள் கோட்டைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள மூணு சுத்து சுத்துனேன். கையை வீசிக்கிட்டு, குனிஞ்சு நிமிந்து, ஒவ்வொரு ஜிப்பா திறந்து மூடி, ஒவ்வொண்ணையும் அவளுக்கு விளக்கிச் சொல்லிக்கிட்டே. ஏன்டி, சத்தம் கேக்குதான்னு கேட்டேன்.

"சட்டைச் சத்தம் கேக்கலைங்க"ன்னா.

அவ்வளவு சந்தோசம் எனக்கு. பாராட்டவே மாட்டா அவ. அவளே சொல்லிட்டான்னா பாத்துக்குங்க.

வேட்டையன்னிக்குக் காலைல ஆறு மணிக்கே வலை கட்டியாச்சு. ஊசிப்பாறைக்கு மேற்கால ஒரு பள்ளம். நான் இந்தப் புதர்ல, மூக்கன் அந்தப் புதர்ல, நடுவுல வலை. வெத்தல பாக்கு கிடையாது, பொடி கிடையாது, சாவி கிடையாது. அரைஞாண்ல தொங்குன தாயத்தைக் கூடக் கழட்டி வச்சுட்டு வந்துட்டேன். தூரத்துல தகரச் சத்தம். கொஞ்ச நேரத்துல ஒரு முயல் வருது தம்பி, நல்லாக் கொழுத்த முயல். வலைக்குப் பத்தடி முன்னாடி நின்னுருச்சு. முன்னங்காலைத் தூக்கி நின்னு அப்படியும் இப்படியும் பாக்குது. என்னை நேருக்கு நேரா பாத்துச்சு. பாத்துச்சு, ஆனா செடின்னு நினைச்சுக்கிச்சு. நான் கையை லேசா ஆட்டிக்கூடப் பாத்தேன். ஒரு சின்ன சத்தம்? ம்ஹூம். என் கோட்டு அப்படி! எனக்கு அழுகையே வந்துருச்சு. ஆறு நாள் பாடுபட்டது பலிச்சிருச்சே. மூக்கனைப் பாத்து, மெதுவாத்தான், ரொம்ப மெதுவா, "பாத்தியா மாப்ள, சத்தமே இல்ல"ன்னேன்.

ஓடிருச்சு.

எப்படி ஓடுச்சு? நீங்களே சொல்லுங்க. கோட்டுல சத்தம் இல்ல. பெல்ட்டு இல்ல, சாவி இல்ல. நான் தலையைப் பிச்சுக்கிட்டேன். அப்புறந்தான் பாத்தேன், மூக்கன் கையில கடிகாரம்! டிக்கு டிக்குங்குது. அடப்பாவி, உன் கடிகாரத்தால எங்கப்பன் வலை போகப்போகுதேடான்னு ஒரு காட்டுக் கத்து கத்துனேன். மூக்கன் என்னையே பாத்தான். கயித்தைக் கீழ போட்டான். நேரா நல்லையாகிட்டப் போயி, "இனி மாமாகூட நான் உக்கார மாட்டேன்"னான். நாலு வருசத்துல அவன் முழுசாப் பேசுன மொத வாக்கியம் அதுதான். கடிகாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல பாருங்க, குத்தமுள்ள நெஞ்சு.

அடிவாரத்துல கூட்டம் கூடிருச்சு. பொம்பளைங்க அப்பத்தான் கூழும் கருவாடும் தூக்கிட்டு வந்திருந்தாங்க. ஆண்டியப்பன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து நிக்கறான், வலையை அப்பவே தூக்கிட்டுப் போயிருவான் போல. இன்னும் ஒரு விரட்டு பாக்கி இருக்கு, அதுக்கே நான் உக்கார்றேன்னான். நல்லையாவும் தலையை ஆட்டப் பாத்தாரு. நான் கோட்டை விளக்கிச் சொன்னேன், பதினோரு ஜிப்பையும் ஒவ்வொண்ணா சொன்னேன், ஒருத்தனும் கேக்கல. கூழைக் குடிக்கறானுங்க.

அப்பத்தான் செல்லாண்டி கூழ்ப்பானைய இறக்கி வச்சுட்டு முன்னாடி வந்தா. ஊர்க்கூட்டத்துல அவ பேசி யாரும் பாத்ததில்ல. நானே பாத்ததில்ல.

"பெரியப்பா, வலை வீட்டுக்கா, ஆளுக்கா?"ன்னா.

"வீட்டுக்குத்தான் ஆத்தா"ன்னாரு நல்லையா.

"அப்ப நானும் அந்த வீடுதானே. நான் உக்கார்றேன். எந்தம்பி அந்தக் கடைசில இருக்கட்டும்."

ஆண்டியப்பன் பொம்பள எப்படி உக்காருவான்னு குதிச்சான். உக்காரக்கூடாதுன்னு யாரு சொன்னாங்கன்னு நல்லையா திருப்பிக் கேட்டாரு. அதை யாரும் இதுவரைக்கும் கேட்டதே இல்லயே. செல்லாண்டி என் பக்கம் திரும்பி, "கோட்டைக் கழட்டிக் குடுங்க"ன்னா. எனக்கு வாயடைச்சுப் போச்சு. ஒரு அரை நிமிசம் இருக்கும். அப்புறம் சொன்னேன், ஏன்டி உனக்கென்னடி தெரியும், இடது கக்கத்து ஜிப்பை மட்டும் தொடாத, அது இன்னும் லேசா முனகுதுன்னு. அவ கேட்டாளா இல்லையான்னு தெரியல, நடந்து போயிட்டா.

இனிமேதான் அநியாயத்தைக் கேளுங்க. நான் ஓரமா உக்காந்து பாக்கறேன்னேன். நல்லையா விடல. "நீ விரட்டுறவங்களோட போ வீரமலை"ன்னாரு. நான்! வலைக்கார வீட்டு ஆம்பளை! சத்தத்தை ஒழிக்க ஆறு நாள் கண்ணு முழிச்சவன்! என்னையப் போயி தகரம் தட்டச் சொல்றாரு. அதுலயும் தகரத்தைக் கையில குடுக்க வந்தவங்கிட்ட, "அவனுக்கு எதுக்குய்யா தகரம்"னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாரு. தகரத்துக்குக் கூட நான் லாயக்கில்லயாம்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். நடந்துக்கிட்டே கத்துனேன். முயலை விரட்டக் கத்தல தம்பி, என் வயித்தெரிச்சல்ல கத்துனேன். நாலு வருசத்து நியாயத்தையும் கத்துனேன். டிச் பட்டன்லேர்ந்து ஆரம்பிச்சு, சாவிக்கொத்து, கக்கத்து ஜிப்பு, மூக்கனோட கடிகாரம், ஆண்டியப்பனோட பொறாமை, எங்க சூப்பர்வைசர் வரைக்கும் விடல. பக்கத்துல தட்டிக்கிட்டு வந்தவனுங்க தகரத்தைக் கீழ போட்டுட்டு காதைப் பொத்திக்கிட்டானுங்க. ரெண்டு மைல் தள்ளி ரோட்டுல போன பால் வண்டிக்காரன் வண்டிய நிறுத்தி என்னான்னு பாத்தானாம். புதருக்குப் புதர் முயல் தெறிச்சு ஓடுது. நான் அதையெல்லாம் எங்க பாத்தேன்? என் நியாயம் எனக்கு.

பள்ளத்துக்கு வந்து சேர்றப்ப வலை கீழ கிடக்கு. உள்ள ரெண்டு முயல். ரெண்டு! எங்கப்பா காலத்துல கூட ஒரே விரட்டுல ரெண்டு விழுந்ததில்ல. ஒண்ணை மூக்கன் புடிச்சிருக்கான், இன்னொண்ணை இவ மடியில வச்சு, நெத்தியத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கா. கோட்டுப் போட்டுக்கிட்டு. அப்படியே உக்காந்து அழுதுட்டேன் தம்பி, சொல்ல வெக்கமென்ன. வலை எங்க வீட்டுலயே நின்னுருச்சுல்ல.

கருப்பசாமிகிட்டக் கொண்டு போயி மஞ்சத்தண்ணி தெளிச்சு விட்டாங்க. ரெண்டும் ஒரு நிமிசம் திருதிருன்னு முழிச்சுட்டு, ஒரே ஓட்டம். முயல் புடிச்சவங்களுக்கு சாமி மாலையைப் போடணும், அது வழக்கம். மாலை எங்க விழுந்துச்சுங்கறீங்க? என் கோட்டு மேல! அதாவது, செல்லாண்டி கழுத்துலதான். ஆனா கோட்டு யாருது? மெழுகு யாருது, டியூப் யாருது? நான் கூட்டத்தைப் பாத்து அதைச் சொன்னேன். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. ஒரு மாதிரியாத்தான் சொன்னாங்க, ஆனா சொன்னாங்க.

கண்டக்டரைப் பாத்தீங்களா, திரும்பித் திரும்பி நம்மளயே பாக்கறாரு. கதை அவரையும் இழுத்துருச்சு. இந்தா முடியப் போகுதுண்ணே!

எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. அதைக் கேக்கத்தான் உங்ககிட்ட இவ்வளவும் சொன்னேன். மாலை போட்டதும் நல்லையா ஆச்சரியமாக் கேட்டாரு. "ஏன் ஆத்தா, ஆம்பளைங்களே ஆட்டங்காணுற இடம், நீ எப்படி ஒன்றரை மணி நேரம் மூச்சுக் காட்டாம உக்காந்திருந்தே?"ன்னாரு.

"பழக்கந்தான் பெரியப்பா"ன்னா. "இருவத்திரண்டு வருசப் பழக்கம்."

ஊரே சிரிச்சுது தம்பி. பொம்பளைங்க முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. ஆண்டியப்பன் சிரிக்கறான், மூக்கன் சிரிக்கறான். மூக்கனுக்குப் பல்லு இருக்குன்னே அன்னிக்குத்தான் பாத்தேன். நானும் சேந்து சிரிச்சேன், எல்லாரும் சிரிக்கறப்ப நாம மட்டும் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்? ஆனா எதுக்குச் சிரிச்சேன்னு எனக்குத் தெரியல. இருவத்திரண்டு வருசம்னா எங்களுக்குக் கல்யாணமானதே அப்பத்தான். அதுக்கப்புறம் அவ எந்தக் காட்டுக்கும் போனதில்ல, எந்தப் புதர்லயும் உக்காந்ததில்ல. வீட்டுல என்கூடத்தான் இருந்தா. அப்புறம் எங்க போயிப் பழகுனா?

வீட்டுக்கு வந்து அவகிட்டயே கேட்டேன். என்னடி அது பழக்கம்னு. சிரிச்சுக்கிட்டே ஏதோ சொல்ல வாயெடுத்தா. அந்நேரம் பாத்து கோட்டுக் கையில முள்ளு கிழிச்சிருந்தது என் கண்ணுல பட்டுருச்சு. அதுக்கு எப்படி ஒட்டுப் போடணும்னு சொல்ல ஆரம்பிச்சேன், பேச்சு அப்படியே போயிருச்சு. மறுநாள் கேட்டேன், அன்னிக்கும் ஏதோ குறுக்க வந்துருச்சு. ரெண்டு மாசமா இதே கதை.

நீங்க படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா? என்ன பழக்கமா இருக்கும்? மனசுல பட்டதைச் சொல்லுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ம், சொல்லுங்க... இருங்க, இருங்க தம்பி, நீங்க சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கோட்டுக் காலரைப் பத்திச் சொல்லவே மறந்துட்டேன்.